தனியாரிடம் துப்பாக்கி வாங்குவோர், பொதியைப் பெற்றுத்தரும் டீலரை விசாரித்த பிறகே பணம் அனுப்புங்கள்

டெக்சாஸ் மாநிலத்தில் டாலஸ் நகரை அடுத்து வசிக்கும் கிரீன் கார்டுக்காரன் நான். கடந்த நான்கு ஆண்டுகளாக வார இறுதிகளில் பறக்கவிடப்படும் களிமண் தட்டுகளைச் சுடும் விளையாட்டில் ஈடுபட்டு வருகிறேன். இரவல் துப்பாக்கியை விட்டுச் சொந்தமாக ஒன்று வைத்துக்கொள்ள எண்ணி, ஒகையோ மாநிலத்துப் பெரியவர் ஒருவரிடமிருந்து, அவர் நன்றாகப் பராமரித்து வந்த 12 கேஜ் மேல்கீழ் இரட்டைக்குழல் ஷாட்கன் ஒன்றை 1,450 டாலருக்குப் பேசி முடித்தேன். அவர் தொடக்கம் முதல் இறுதிவரை நேர்மையாகவே நடந்துகொண்டார். என்னை அலைக்கழித்து நட்டப்படுத்தியது என் வீட்டிலிருந்து பத்து நிமிடத் தொலைவில் உள்ள, உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடை. வழக்குக்கான ஆயத்தத்தில் இருப்பதால் கடையின் பெயரை இங்கே எழுதவில்லை.

இந்த நடைமுறை பழக்கமில்லாதவர்களுக்காக ஒரு விளக்கம். 1968ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, ஒரு மாநிலத்தில் வசிக்கும் தனியார் வேறு மாநிலத்தில் வசிக்கும் தனியாருக்குத் துப்பாக்கியை நேரடியாக விற்கவோ அனுப்பவோ கூடாது. மத்திய அரசின் உரிமம் பெற்ற டீலர் ஒருவர் நடுவில் இருந்து பொதியைப் பெற்று, தம் பதிவேட்டில் ஏற்றி, வாங்குபவரைப் படிவம் 4473 நிரப்பச் சொல்லி, எஃப்.பி.ஐ. நடத்தும் பின்னணிச் சோதனையில் அனுமதி வந்த பிறகே கையில் கொடுக்க வேண்டும். பெரிய கூரியர் நிறுவனங்கள் இப்போது உரிமம் பெற்றவர்களிடமிருந்து மட்டுமே துப்பாக்கிப் பொதிகளை ஏற்பதால், ஒகையோ பெரியவர் தம் ஊர் டீலர் மூலமாகவே அனுப்பினார். ஆக, இரண்டு முனையிலும் டீலர்கள். அனுப்பும் டீலரை விற்பவர் தேடிக்கொள்வார். பெறும் டீலரைத் தேர்ந்தெடுப்பது வாங்குபவரின் பொறுப்பு. நான் கோட்டைவிட்டது அந்த இடத்தில்தான்.

உரிமம் உண்மையானதா என்று மட்டும் பார்த்தேன். உரிம எண்ணின் முதல் மூன்று இலக்கங்களையும் கடைசி ஐந்து இலக்கங்களையும் துப்பாக்கி உரிமங்களை வழங்கும் மத்திய அரசின் ஏ.டி.எஃப். துறையின் இணையச் சேவையில் உள்ளிட்டால், கடையின் பெயரும் முகவரியும் வந்துவிடும். அதைச் சரிபார்த்தே முகவரியை ஒகையோவுக்கு அனுப்பினேன். திருத்தப்பட்ட உரிம நகலைக் காட்டிப் பொதியை வேறு முகவரிக்கு வரவழைக்கும் மோசடிக்காரர்கள் இருப்பதால், இந்தச் சரிபார்ப்பை யாரும் தவிர்க்க வேண்டாம். ஆனால் உரிமம் செல்லுபடியாகிறது என்பதும் கடைக்காரருக்குத் தொழில் தெரியும் என்பதும் வெவ்வேறு விஷயங்கள் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. மற்ற கடைகளைவிடப் பத்து டாலர் குறைவாக, 25 டாலர் கட்டணம் சொன்னார்கள் என்பதற்காக அங்கே போனேன்.

பொதி வந்து சேர்ந்த மூன்றாம் நாள் கடைக்குப் போனேன். கவுன்டரில் இருந்த இளைஞர் என் கிரீன் கார்டைப் பார்த்ததும், குடியுரிமை இல்லாதவருக்குத் துப்பாக்கி தர முடியாது என்று முகத்தில் அடித்தாற்போல் சொன்னார். இது தவறு. நிரந்தரக் குடியிருப்பு உரிமை உள்ளவர், வேறு தடை எதுவும் இல்லையென்றால், துப்பாக்கி வாங்கவும் வைத்திருக்கவும் மத்திய சட்டம் அனுமதிக்கிறது. படிவத்தில் அவருடைய குடிவரவு எண்ணைக் குறிப்பிட வேண்டும், அவ்வளவே. எச்1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்களுக்குத்தான் பொதுவான தடை இருக்கிறது. அவர்களுக்கும், செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருப்பது போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. நம் ஆட்களில் பலர் அந்த விசாவில் இருப்பதால் இதைச் சேர்த்துச் சொல்கிறேன்: தடை இருப்பவருக்காக நண்பர் ஒருவர் தம் பெயரில் வாங்கிக் கொடுப்பதும், படிவத்தில் பொய்யாகப் பதிலளிப்பதும் சிறைத்தண்டனைக்குரிய கடுங்குற்றங்கள்.

அந்த இளைஞரிடம் படிவத்தின் விளக்கக் குறிப்புகளையே அச்செடுத்துக் கொடுத்தேன். முதலாளி வரட்டும் என்றார். முதலாளி வெளியூரில் இருந்தார். பிறகு கண்காட்சிக்குப் போனார். பிறகு தொலைபேசியை எடுக்கவில்லை. பத்தொன்பதாம் நாள் ஒருவழியாக அவரைப் பிடித்தேன். படித்துப் பார்த்துவிட்டு, ஆமாம், தரலாம் என்று ஒரே வரியில் ஒப்புக்கொண்டார். மன்னிப்பு என்ற சொல் அவர் வாயில் வரவில்லை. அதற்குப் பதிலாக, ஏழு நாட்களுக்கு மேல் பொதி கடையில் இருந்ததால் நாளொன்றுக்கு 5 டாலர் வீதம் காப்புக் கட்டணம் என்று ஒரு சீட்டை நீட்டினார். அவர்களுடைய அறியாமையால் ஏற்பட்ட தாமதத்துக்கு என்னிடம் வாடகை.

படிவத்தை நிரப்பினேன். தமிழ்ப் பெயர்க்காரர்கள் இங்கே சற்றுக் கவனிக்க வேண்டும். அப்பா பெயர் குடும்பப் பெயராகவும், நடுவில் ஒற்றை எழுத்தாகவும் நம் ஆவணங்களில் பலவிதமாக இருக்கும். நடுப்பெயர் இல்லாவிட்டால் இல்லை என்பதையும், வெறும் முதலெழுத்து மட்டுமே என்றால் அதன் பக்கத்தில் 'ஐ.ஓ.' (முதலெழுத்து மட்டும் என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்றும் குறிக்கும்படி படிவமே சொல்கிறது. அடையாள அட்டையில் உள்ளபடியே எழுதினேன். ஆனாலும் சோதனையில் உடனடி அனுமதி வராமல், தாமதம் என்ற பதிலே வந்தது. இது மறுப்பு அல்ல. மூன்று வேலை நாட்களுக்குள் இறுதிப் பதில் வராவிட்டால், டீலர் விரும்பினால் கொடுக்கலாம் என்பது மத்திய விதி. அடிக்கடி இப்படி மாட்டுபவர்கள் எஃப்.பி.ஐ.யிடம் விண்ணப்பித்து, தங்களுக்கென்று ஒரு தனி அடையாள எண் பெற்றுக்கொள்ளலாம். எனக்கு அனுமதி வந்து, இருபத்தாறாம் நாள் கடைக்கு அழைக்கப்பட்டேன்.

படிவத்தில் கையெழுத்திட்ட நாளும் துப்பாக்கியைப் பெறும் நாளும் வேறாக இருந்தால், பெறுவதற்குச் சற்றுமுன் வாங்குபவர் இரண்டாம் முறை கையெழுத்திட வேண்டும். கவுன்டருக்கு வந்ததும் அந்த இளைஞர் படிவத்தையும் பேனாவையும் முதலில் தள்ளினார். பெட்டி அவருக்குப் பின்னால் சுவரோரம் நின்றது. பார்த்துவிட்டுக் கையெழுத்திடுகிறேன் என்றேன். கையெழுத்தில்லாமல் பெட்டியை இந்தப் பக்கம் தரக்கூடாது என்பது சட்டம் என்றார். ஒப்படைப்பதற்குத்தான் கையெழுத்து வேண்டுமே தவிர, அவர் முன்னிலையில் கவுன்டரில் வைத்துப் பார்ப்பதை எந்த விதியும் தடுக்கவில்லை. அன்று அது எனக்குத் தெரிந்திருந்தும், இருபத்தாறு நாள் அலைச்சலில் சலித்துப்போய்க் கையெழுத்திட்டுவிட்டேன்.

பெட்டியைக் கவுன்டரில் வைத்தபோதுதான் கவனித்தேன்: ஒகையோவில் ஒட்டிய நார் வைத்த டேப் அப்படியே இருந்தது. ஓரத்தில் கத்தி பட்ட தடம்கூட இல்லை. அதாவது, பொதி வந்த நாளிலிருந்து யாரும் அதைத் திறக்கவில்லை. வந்த துப்பாக்கியை மறு வேலை நாள் முடிவதற்குள் சீரியல் எண்ணுடன் பதிவேட்டில் ஏற்ற வேண்டியவர்கள், வெளியே ஒட்டியிருந்த உறையில் அனுப்பிய டீலர் கையால் எழுதிய சீட்டைப் பார்த்து எண்ணை எழுதியிருக்கிறார்கள். திறந்து பார்த்தால், துப்பாக்கியின் இரும்புச் சட்டகத்தில் பொறித்திருந்த எண்ணில் 7 இருந்த இடத்தில் படிவத்தில் 1 இருந்தது. நான் சுட்டிக்காட்டிய பிறகே அதைத் திருத்திச் சுருக்கொப்பமும் தேதியும் இட்டார். நான் கவனித்திருக்காவிட்டால், என்னிடம் இல்லாத ஒரு துப்பாக்கிக்கு நான் சொந்தக்காரன் என்று ஏட்டில் நின்றிருக்கும்.

அடுத்ததாக மரக்கட்டையைப் பார்த்தேன். கட்டை இரும்புச் சட்டகத்தோடு சேரும் கழுத்துப் பகுதியில், நீளவாட்டில் தலைமுடி போன்ற ஒரு கோடு. முதலில் மரத்தின் ரேகை என்றே நினைத்தேன். நகத்தால் வருடியபோது தட்டுப்பட்டது. கட்டையைச் சற்று அழுத்தியதும் அந்தக் கோடு லேசாக வாய் திறந்தது. பெரியவர் பொதி கட்டுவதற்கு முன் எடுத்து அனுப்பிய படங்களில் அந்த இடம் வழுவழுவென்று இருக்கிறது. பெட்டியின் ஒரு மூலை நசுங்கி இருந்ததும் அப்போதுதான் கண்ணில் பட்டது. பாதையில் எங்கோ கீழே விழுந்திருக்கிறது.

அனுப்பிய டீலர் முழு மதிப்புக்கும் காப்பீடு செய்திருந்தார். அவரே கூரியர் நிறுவனத்தைத் தொடர்புகொண்டார். சேதத்தைத் தெரிவிப்பதற்கு அவர்கள் வைத்திருந்த கெடு கடந்துவிட்டது என்று பதில் வந்தது. மூன்றாம் நாளே பெட்டி திறக்கப்பட்டிருந்தால் பணம் வந்திருக்கும். திருப்பி அனுப்பவும் வழி குறுகிவிட்டது: கையெழுத்துக்கு முன் மறுத்திருந்தால் டீலரே அனுப்பிய டீலருக்குத் திருப்பியிருக்கலாம். இப்போது துப்பாக்கி என் உடைமை. மீண்டும் அனுப்புவதென்றால் ஒகையோவில் அந்தப் பெரியவர் தாமே படிவம் நிரப்பிப் பின்னணிச் சோதனைக்கு உட்பட வேண்டும். தம் பங்கில் ஒரு பிழையும் செய்யாத மனிதரிடம் அதைக் கேட்க எனக்கு மனம் வரவில்லை.

துப்பாக்கி பழுதுபார்ப்பவர் ஒருவர் 380 டாலர் கேட்டிருக்கிறார். சரிசெய்யும்வரை சுட வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறார். கடைக்காரர் காப்புக் கட்டணத்தைக்கூடத் திருப்பித் தர மறுக்கிறார். மாநில அட்டர்னி ஜெனரலின் நுகர்வோர் பிரிவில் புகார் கொடுத்துவிட்டேன். டெக்சாஸில் 20,000 டாலர் வரையிலான கோரிக்கைகளை, சிறு வழக்குகளை விசாரிக்கும் ஜஸ்டிஸ் கோர்ட்டில் வழக்கறிஞர் இல்லாமலேயே தொடுக்கலாம் என்பதால், அதற்கான மனுவையும் எழுதி வருகிறேன். டேப் அறுபடாத பெட்டியைக் கவுன்டரில் வைத்து நான் எடுத்த படமும், அடித்துத் திருத்திய எண்ணின் படமும் அதில் முதல் இரண்டு இணைப்புகள்.

இதைப் படிக்கும் யாருக்காவது பொதி இப்போது வழியில் இருந்தால், இன்றே டீலரைத் தொலைபேசியில் அழைத்து, வந்த அன்றே பெட்டியைத் திறந்து பார்ப்பார்களா, சேதம் இருந்தால் அன்றே சொல்வார்களா, இரண்டாம் கையெழுத்துக்கு முன் கவுன்டரில் வைத்துப் பார்க்க விடுவார்களா, எத்தனை நாளுக்குப் பிறகு காப்புக் கட்டணம் என்று கேளுங்கள்; பதிலை மின்னஞ்சலில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கிரீன் கார்டு என்றால் அதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். தயங்குகிற கடையாக இருந்தால், பொதி கிளம்புவதற்கு முன் முகவரியை மாற்றிக்கொள்ளலாம். கிளம்பிய பிறகு அது கடினம்.