கடைசி பஸ் யாருடையது? தனியாரும் அரசும்: ஓர் ஒப்பீடு

இரவில் வண்டி ஓட்ட வேண்டாம் என்று கண் டாக்டர் சொன்னதால் பைக்கை விற்றேன். அதிலிருந்து எட்டு மாதமாக பஸ்தான். எங்கள் ஊர் கொங்குப் பக்கம், மெயின் ரோட்டிலிருந்து 9 கிலோமீட்டர் உள்ளே தள்ளி இருக்கிறது. வேலை 22 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் டவுனில், ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுவது. கடை அடைக்க எட்டரை ஆகிவிடும். இந்தத் தடத்தில் தனியார் பஸ்ஸும் ஓடுகிறது, அரசு பஸ்ஸும் ஓடுகிறது. எதை நம்பி வீடு திரும்புவது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது, “கவர்மெண்டுக்கு பஸ் ஓட்டறதுல என்னங்க மாமா வேலை?” என்று மச்சான் ஆரம்பித்தார். அவர் சொந்தமாகத் தறி போட்டு முன்னுக்கு வந்தவர். முதலாளி ஒருத்தன் கையில் இருந்தால்தான் எதுவும் உருப்படும் என்பது அவர் கட்சி.

அவர் சொன்னதில் பாதி கண்ணுக்கே தெரிகிற சங்கதி. தனியார் பஸ்ஸில் பாட்டு ஓடும், சீட்டு கிழிந்திருக்காது, கை காட்டினால் நிற்கும். அரசு டவுன் பஸ்ஸில் மழைக்கு ஜன்னல் ஷட்டர் இறங்காது. இதற்கு மேல் இதில் எழுத ஒன்றுமில்லை. டிக்கெட் விலையிலும் பெரிய வித்தியாசம் கிடையாது.

தனியாரின் பெருமைக்கு வரலாறும் இருக்கிறது. 1912இல் தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே பஸ் விட்டது டி.வி.எஸ்.தான். டி.வி.எஸ். பஸ் வருவதைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்திக்கொள்வார்கள் என்று மதுரைப் பக்கத்துப் பெரியவர்கள் இன்றைக்கும் சொல்வதுண்டு. 1972இல் பல்லவன், சேரன், பாண்டியன் என்று அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் வந்தபோது, நன்றாக ஓடிக்கொண்டிருந்ததைப் பிடுங்கிக்கொண்டார்கள் என்று வருத்தப்பட்டவர்கள் நிறைய. அந்த வருத்தம் வெறும் முதலாளி பாசம் இல்லை. தன் காசில் வாங்கிய பஸ் என்றால் காலையில் பழுதானது மத்தியானத்துக்குள் ஓடும். ஓனர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டே எந்த சிங்கிளில், அதாவது ஒரு பக்கத்து நடையில், எத்தனை டிக்கெட் என்று விரலில் எண்ணிச் சொல்வார். அந்தக் கண் அரசு டெப்போவில் யாருக்கும் கிடையாது. ஆகவே காலையில் நான் ஏறுவது தனியார் பஸ்தான், இன்றைக்கும்.

ஆனால் மச்சான் நினைக்கிற மாதிரி இது கைவீசி நடக்கிற சந்தை இல்லை. 1988ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டப்படி தடத்துக்கு பெர்மிட் வேண்டும், நேரமும் கட்டணமும் அரசு சொன்னபடிதான் இருக்க வேண்டும். 2018 ஜனவரியில் சாதாரண புறநகர் பஸ்ஸுக்கு கிலோமீட்டருக்கு 42 பைசாவாக இருந்ததை 60 ஆக்கினார்கள், ஊரெல்லாம் கத்தியதும் 58 பைசாவுக்கு இறக்கினார்கள். அப்போது அறுபதுகளில் இருந்த டீசல் பிறகு தொண்ணூறைத் தாண்டிவிட்டது. விலையை ஏற்ற வழியில்லாதவன் கூட்டத்தை வைத்துத்தான் பிழைக்க வேண்டும். காலை எட்டரை மணி பஸ்ஸில் படியில் தொங்கவிட்டுக் கொண்டுபோவது அதனால்தான். இரவு ஒன்பது மணிக்கு நடப்பதும் அதனால்தான்.

போன கார்த்திகை மாதம் ஒரு ராத்திரி. தூறல். ஒன்பதே காலுக்கு வர வேண்டிய தனியார் பஸ் பத்து ஆகியும் வரவில்லை. பக்கத்துப் பெட்டிக் கடைக்காரர்தான் சொன்னார்: “கலெக்‌ஷன் இல்லீங்க, ஒரு வாரமா அந்த சிங்கிளைக் கட் பண்ணிட்டாங்க.” வேறொரு பஸ்ஸில் மெயின் ரோடு வரை வந்து, அங்கிருந்து 9 கிலோமீட்டரில் பாதியை நடந்தேன். மீதிக்கு ஒரு பால் வண்டி கிடைத்தது.

கோபத்தில் இருந்தவன் மறுநாள் கடையில் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன், நமக்குத் தெரிந்த தொழில் அதுதானே. 22 கிலோமீட்டர். லிட்டருக்கு ஐந்து கிலோமீட்டர் என்று வைத்தால் டீசலுக்கு மட்டும் நானூறு ரூபாய் ஆகிறது. அந்த நேரத்தில் ஏறுவது அதிகம் போனால் ஏழு பேர். தலைக்கு 15 ரூபாய் என்றாலும் மொத்தம் 105. டிரைவர், கண்டக்டர் சம்பளம், டயர், வரி எல்லாம் இதற்கு மேல். நான் ஓனராக இருந்தாலும் அந்த சிங்கிளைக் கட் பண்ணியிருப்பேன். அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

பெர்மிட்டில் இருக்கிற நேரத்தை ஓட்டாமல் விட்டால் ஆர்.டி.ஓ.விடம் புகார் கொடுக்கலாம். கொடுத்தால் நோட்டீஸ் போகும், நாலு நாள் ஓடும், அப்புறம் பழைய கதைதான். அரசு நடுவர் மாதிரி விசிலோடு நின்றால் போதும் என்று மச்சான் சொல்வது இந்த இடத்தில்தான் உதைக்கிறது. நடுவர் அபராதம் போடலாம், காலி சீட்டில் ஆள் உட்கார வைக்க முடியாது. அந்த நானூறு ரூபாயை யாராவது கையிலிருந்து போட்டாக வேண்டும்.

இப்போது நான் திரும்பி வருவது அரசின் ஹால்ட் பஸ்ஸில். டவுனில் ஒன்பதரைக்குக் கிளம்பி எங்கள் ஊர் மாரியம்மன் கோயில் திடலில் வந்து நின்றுவிடும். டிரைவரும் கண்டக்டரும் கொசுவர்த்தி கொளுத்தி வைத்துவிட்டு பஸ்ஸுக்குள்ளேயே படுப்பார்கள். கோயில் குழாயில்தான் குளியல். விடியற்காலை ஐந்துக்கு முன்பே அதே பஸ் புறப்படும்போது உழவர் சந்தைக்குப் போகிற கீரைக்கட்டும் முருங்கைக்காயும் பின் சீட்டு முழுக்க ஏறியிருக்கும். இந்த ஒரு பஸ் இருப்பதால்தான் ஊரில் நாலைந்து பெண்கள் இரண்டாம் ஷிப்ட் மில் வேலைக்குப் போக முடிகிறது. எந்த டிக்கெட் மெஷினிலும் இந்தக் கணக்கு ஏறாது.

மச்சானிடம் இதைச் சொன்னதும் பதிலடி வந்தது, அதிலும் நியாயம் உண்டு. 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம். தனியார் பஸ்ஸுக்கு அது கிடையாது. இலவச பஸ் பின்னால் வருகிறது என்றால் காசு கொடுத்து யார் ஏறுவார்கள்? ராத்திரி சிங்கிளில் ஏழு பேர் ஆனதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். மறுக்கிற அளவுக்கு என்னிடம் கணக்கு இல்லை. அரசுக் கழகங்கள் நஷ்டத்தில் ஓடுவதும் உண்மை. அந்த நஷ்டம் முழுவதும் ஹால்ட் பஸ்ஸால் வந்ததில்லை, நிர்வாகக் கோளாறும் அதில் சேர்ந்திருக்கிறது.

அப்படியானால் பஸ்ஸை முதலாளி ஓட்டட்டும், தடத்தையும் நேரத்தையும் அரசு முடிவு செய்து கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று காசு கொடுக்கட்டும் என்று மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. இங்கிலாந்தில் 1986இல் லண்டனுக்கு வெளியே யார் வேண்டுமானாலும் எந்தத் தடத்திலும் ஓட்டலாம் என்று திறந்துவிட்டார்கள். லண்டனில் மட்டும் தடமும் கட்டணமும் அரசு கையிலேயே இருந்தன, ஓட்டுவது தனியார் கம்பெனிகள். மான்செஸ்டர் 2023இல் தொடங்கி பஸ்களை மறுபடி தன் கட்டுப்பாட்டுக்குக் கொண்டுவந்தது. நான் அந்த ஊர்களில் பஸ் ஏறியவன் இல்லை, படித்ததோடு சரி. எங்கள் பக்கத்தில் அப்படி வந்தால் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், ராத்திரி சிங்கிள் ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறதா என்று மட்டும் பார்ப்பேன்.

ஆம்னி பஸ் பற்றிக் கேட்பவர்களுக்கு: தீபாவளிக்கு இரண்டு தடவை போயிருக்கிறேன், அவ்வளவுதான் அனுபவம். மூன்று மடங்கு கொடுத்தேன், வயிறு எரிந்தது. அதுவும் இல்லையென்றால் வீடு போய்ச் சேர்ந்திருக்க மாட்டேன் என்பதும் நிஜம்.

ஆகக் காலையில் தனியார், இரவில் அரசு. இரண்டில் ஒன்றுதான் இருக்கும் என்றால் ஹால்ட் பஸ்ஸைத்தான் கேட்பேன். போன வாரம் மச்சான் வண்டி பஞ்சராகி அதில்தான் வந்தார். என் பக்கத்தில் உட்கார்ந்து எத்தனை தலை என்று எண்ணினார். அவரோடு சேர்த்து எட்டு.