15 அடி உறை கிணறு என்றார், 5 அடியில் குப்பையை நிரப்பி மூடிவிட்டார்

மழைநீர் சேகரிப்புக்கு உறை கிணறு (சிமெண்ட் வளையங்களான உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கும் கிணறு) போடுகிறவர்கள், மூடி போடுவதற்கு முன் ஆழத்தை அளக்காமல் மீதிப் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். எங்களை ஏமாற்றியவர் இன்னும் இதே சென்னை வேளச்சேரியில் வேலை எடுத்துக்கொண்டிருக்கிறார்.

பேசியது 3 அடி அகலம், 15 அடி ஆழம். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய எங்கள் பக்கம் மேலே களிமண்; அதைத் தாண்டி இறக்கினால்தான் தண்ணீர் பூமிக்குள் போகும். இதை எங்களுக்கு விளக்கியவரே அவர்தான். உறைகள் வண்டியில் வந்தன, நாங்கள் பார்க்க நான்கு உள்ளே இறங்கின. ஊரில் ஒரு திருமணத்துக்குப் போய்த் திரும்புவதற்குள் மூடி போட்டு, சிமெண்ட் பூசி, மேலே டைல்ஸும் ஒட்டியாகிவிட்டது.

ஐப்பசியில் முதல் பெருமழை. மூடியின் விளிம்பில் தண்ணீர் கொப்பளித்து வந்து போர்டிகோவில் நின்றது. தொலைபேசியில் கேட்டதற்கு, “இந்த வருடம் மழை அதிகம் சார், தானாக வடிந்துவிடும்” என்றார். வடியவில்லை. டைல்ஸை உடைத்துத் திறந்தோம். மேலாக இரண்டு சட்டி கூழாங்கல். அதன் கீழே உடைந்த செங்கல், டைல்ஸ் துண்டுகள், சாக்கோடு இறுகிப்போன ஒரு சிமெண்ட் மூட்டை. அத்தனையும் வாரிப் போட்டால் 5 அடியில் கறுத்த களிமண். மீதி உறைகளை வண்டியில் திருப்பி ஏற்றியதை எதிர்வீட்டுக் காவலாளி பார்த்திருக்கிறார்.

1,000 சதுர அடி மொட்டை மாடியில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தாலே 900 லிட்டருக்கு மேல் இறங்கும். பேசியபடி தோண்டியிருந்தால் கிணறு ஏறக்குறைய 3,000 லிட்டர் கொண்டிருக்கும். இந்தக் குழி ஒரு தூறலுக்குத்தான் ஆகும்.

இன்னொரு அக்கிரமம், மாடியில் இருக்கும் சலவை இயந்திரத்தின் கழிவுக் குழாயையும் மழைநீர்க் குழாயோடு இணைத்திருந்தார். சாக்கடைக்குத் தனிக் குழாய் இழுக்கும் செலவு அவருக்கு மிச்சம். 15 அடியும் ஒழுங்காகத் தோண்டியிருந்தால் அந்தச் சோப்புத் தண்ணீர் நேரே நிலத்தடி நீரில் கலந்திருக்கும்.

2003இல் மழைநீர் சேகரிப்பை அரசு கட்டாயமாக்கியபோதே பேருக்குக் குழி தோண்டிக் கணக்குக் காட்டியவர்கள் உண்டு. 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, குடத்தோடு லாரிக்குக் காத்து நின்ற ஊரில் இன்னமும் இப்படிச் செய்வது துரோகம்.

பணம் திரும்பவில்லை, இப்போது அழைப்பையும் எடுப்பதில்லை. ரசீதும் படங்களும் வைத்து நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறோம்.

உறை எத்தனை, ஆழம் எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். மூடுவதற்கு முன் கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி அளந்து பாருங்கள். மாடியில் ஒவ்வொரு குழாயாகத் தண்ணீர் ஊற்றி, எது எங்கே வந்து விழுகிறது என்று கீழே ஒருவரை நிறுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். அதுவரை பெரிய தொகை உங்கள் கையிலேயே இருக்கட்டும்.