விட்டு விட்டு மிஸ் அடிக்கும் பழைய எஞ்சின்: எல்லாவற்றையும் மாற்றுவதா, இடம் மாற்றிப் பார்ப்பதா?

இலங்கையில் 2020இல் நின்ற வாகன இறக்குமதி 2025இல்தான் மறுபடி திறந்தது. அதனால் கொரோல்லா 121, அலியன் 240 போன்ற கார்கள் இரண்டு லட்சம் கிலோமீற்றர் தாண்டியும் கொழும்பில் தினமும் ஓடுகின்றன. அவற்றில் அலைக்கழிக்கும் கோளாறு, எப்போதாவது வரும் மிஸ்ஸிங்தான், அதாவது ஒரு சிலிண்டரில் பெற்றோல் சரியாக எரியாமல் போவது. கொழும்பின் காலி வீதி நெரிசலில் ஏசியோடு நிற்கும்போது வண்டி உதறும். கராஜுக்குக் கொண்டு போனால் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடும். இதற்கு மூன்று வழிகள் உண்டு: பொறி தரும் பிளக், அதற்கு மின்சாரம் கொடுக்கும் கொயில் எல்லாவற்றையும் மாற்றிவிடுவது, காரின் கணினியை ஸ்கேன் செய்து அது காட்டும் கோளாறுக் கோட் சொல்வதை நம்புவது, இருக்கும் பாகங்களையே சிலிண்டருக்குச் சிலிண்டர் மாற்றிப் பார்ப்பது. என் சாய்வு மூன்றாவது பக்கம்தான்.

முதல் வழியில் பிளக் மாற்றுவதற்கு மட்டும் எதிர்ப்பில்லை. இரிடியம் பிளக் ஒரு லட்சம் கிலோமீற்றர் ஓடியிருந்தால் எப்படியும் மாற்றத்தான் வேண்டும். சிக்கல் கொயிலில். உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் புதிய அசலும் கிடைக்கும், அசல் பெட்டிக்குள் போலியும் கிடைக்கும், கழற்றிய பழையதும் கிடைக்கும். கழற்றியது உங்கள் காரின் வயதுக்காரிலிருந்தே வந்திருக்கும், அதே சூட்டைத் தின்றிருக்கும். அதைவிடப் பெரிய குறை, நான்கையும் ஒன்றாக மாற்றினால் தடயம் அழிந்துவிடும். ஒரு வாரம் மிஸ்ஸிங் வரவில்லையென்றால், கோளாறு தீர்ந்ததா, அல்லது இணைப்பைக் கழற்றி மாட்டியதில் தற்காலிகமாகச் சரியானதா என்று சொல்ல முடியாது.

ஸ்கேன் வேகமானது, செய்யத்தான் வேண்டும். பி0300 என்றால் எந்தச் சிலிண்டர் என்று நிலையாகப் பிடிபடவில்லை, பி0301 முதல் பி0304 வரை என்றால் கடைசி இலக்கமே சிலிண்டர். ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்காகச் செய்யப்பட்ட 2000களின் முற்பகுதிக் கார்கள் பலவற்றோடு மலிவான புளூடூத் அடாப்டர் பேசாது. கராஜில் உள்ள நல்ல ஸ்கேனர் வேண்டும். ஆனால் ஸ்கேனர் இடத்தைச் சொல்லும், காரணத்தைச் சொல்லாது. உதாரணமாக, மிஸ்ஸிங்கில் எரியாத கலவையிலுள்ள ஒட்சிசனைப் புகைக்குழாய்ச் சென்சர் காட்ட, கணினி ‘பெற்றோல் போதவில்லை’ என்று கணக்கிடும். அதை நம்பிப் பெற்றோல் பம்ப் வாங்கியவர்கள் உண்டு.

மூன்றாவது வழிக்குச் செலவே இல்லை. கோட் பி0303 என்று வைத்துக்கொள்வோம். மூன்றாவது சிலிண்டரின் கொயிலை முதலாவதற்கும் அதன் பிளக்கை நான்காவதற்கும் போடுங்கள். அங்கிருந்தவை மூன்றுக்கு வரட்டும். பெற்றோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரைத் தொட வேண்டாம். கோடை அழித்துவிட்டு, மிஸ்ஸிங் வரும் அதே நேரம், அதே சூடு, அதே நெரிசலில் ஓட்டுங்கள். பி0301 வந்தால் கொயில், பி0304 வந்தால் பிளக். பி0303ஆகவே நின்றால் இன்ஜெக்டர், வயர் அல்லது கொம்பிரஷன் (சிலிண்டருக்குள் உள்ள அழுத்தம்). ஒரே ஓட்டத்தில் மூன்று கேள்விக்கும் பதில். கோளாறு எப்போதாவதுதான் வருவதால், ஒவ்வொரு வருகையிலிருந்தும் இவ்வளவைக் கறந்துகொள்வது முக்கியம். இந்த ஓட்டம் முடியும்வரை வேறு எதையும் மாற்றக்கூடாது, காற்று உள்ளே போகும் திரொட்டில் பொடியின் சுத்தம்கூடச் செய்யக்கூடாது.

எஞ்சின் ஆறிய பிறகே கழற்றுங்கள். கொயிலின் 10 மி.மீ. போல்ட்டைக் கழற்றி, கொயிலைச் சற்றுத் திருப்பித் தூக்க வேண்டும், வயரைப் பிடித்து இழுக்கக்கூடாது. பிளக் குழியிலுள்ள மண்ணை முதலில் காற்றடித்து எடுங்கள், இல்லாவிட்டால் அது சிலிண்டருக்குள் விழும். பிளக்குக்கு 16 மி.மீ. சொக்கற். திரும்பப் போடும்போது கையால் மரை ஏற்றிவிட்டு 18 நியூற்றன் மீற்றர் முறுக்கு போதும். சிலிண்டர் ஹெட் அலுமினியம், மரை போனால் பெரும் செலவு. ஒவ்வொரு கொயிலிலும் பெயின்ற் பேனாவால் இலக்கம் எழுதுங்கள்.

கழற்றியதைப் பார்க்கவும் செய்யுங்கள். பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் மேலிருந்து கீழாக ஒரு கறுத்த கோடு ஓடினால், மின்பொறி உள்ளே போகாமல் வெளியே தாவியிருக்கிறது. பிளக்கை மூடும் கொயிலின் ரப்பர் உறையான பூட் உள்ளேயும் அதே கோடு இருக்கும். அப்படியானால் இரண்டையும் மாற்ற வேண்டும். பழைய பூட்டில் புதிய பிளக் போட்டால் அந்தக் கோடு புதியதையும் கெடுக்கும். குழியில் ஒயில் நின்றால் வால்வு மூடியின் சீல் போயிருக்கிறது. ஒயில் பூட்டை ஊறவைத்து மிருதுவாக்கும், அதையும் சேர்த்துத் தீர்க்காமல் புதிய கொயில் போடுவது வீண்.

கோட் இடம் மாறாமல் பி0303ஆகவே நின்றால் முதலில் பார்க்க வேண்டியது வயரின் கொனெக்டர். பழைய கார்களில் சூட்டில் காய்ந்து கிளிப் உடைந்திருக்கும், குலுக்கத்தில் இணைப்பு விட்டு விட்டு வரும். எஞ்சின் ஐடிலில், அதாவது நின்றபடி ஓடும்போது, வயரை அசைத்துப் பாருங்கள். அடுத்து இன்ஜெக்டர்: இந்த எஞ்சின்களில் மீற்றரில் அதன் மின்தடை 12 முதல் 16 ஓம் வரை காட்ட வேண்டும். கடைசியாகக் கொம்பிரஷன்: ஒரு சிலிண்டர் மற்றவற்றைவிட 15 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் பிளக், கொயில் பேச்சையே விடுங்கள். அந்தச் சிலிண்டருக்குள் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஒயில் விட்டு மறுபடி அளந்தால் ஏறுகிறதா? ஏறினால் பிஸ்டன் ரிங், ஏறாவிட்டால் பெரும்பாலும் வால்வு.

செக் எஞ்சின் விளக்கு மினுங்கினால் சோதனை ஓட்டம் வேண்டாம், எரியாத பெற்றோல் புகையைச் சுத்திகரிக்கும் கற்றலிற்றிக் கன்வேட்டரைச் சுட்டுவிடும். பிரியஸ் போன்ற ஹைபிரிட்டில் காலை முதல் ஸ்டார்ட்டில் மட்டும் உதறல் என்றால் இந்த முறைக்கு முன் கூலண்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) அளவைப் பாருங்கள், அது ஹெட் காஸ்கெட் வழியாகச் சிலிண்டருக்குள் கசிவதாக இருக்கலாம்.

கொயில்தான் என்று தெரிந்தால் ஒன்று மட்டும் வாங்குங்கள், ஆனால் புதிய அசலாக. பழையதைக் கையோடு கொண்டு போய் உடலில் பொறித்த இலக்கத்தை ஒப்பிடுங்கள். மேலே சொன்ன இரு கார்களின் 1500 சீசீ எஞ்சினுக்கு வழக்கமாக 90919-02240. ஓடாவிட்டால் திருப்பி எடுப்பார்களா என்பதைப் பணம் கொடுக்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.