தேவராஜ முதலி தெருவில் ஓவியத்துக்குச் சட்டம்: முதுகைப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்

சென்னை பாரிமுனைப் பக்கம் கண்ணாடிக்கும் சாமிப் படச் சட்டத்துக்கும் பேர்போனது தேவராஜ முதலி தெரு. பூஜையறைப் படம், கல்யாண போட்டோ, ஆளுயரக் கண்ணாடி என்று எது கொண்டுபோனாலும் வேலை சுத்தமாக இருக்கும். பீடிங், அதாவது சட்டம் செய்யும் பட்டை, வகை ஏராளம், கைவேகம் அதிகம், நாலு மூலையும் இடைவெளி இல்லாமல் சேரும். இவ்வளவுக்கும் முழு மதிப்பெண் தரலாம். பல வருடம் தேடிச் சேர்த்த ஓவியங்களை இதே தெருவுக்கு எடுத்துப் போகிறவர்களுக்குத்தான் இந்த விமர்சனம்.

கண்காட்சிகள் அமைப்பதையே தொழிலாகக் கொண்ட ஒருவரின் வீட்டுச் சுவரை எடுத்துக்கொள்வோம். பாட்டி வீட்டிலிருந்து வந்த ரவிவர்மா அச்சுப் படம், ஓவியர் ஆதிமூலத்தின் மைக்கோட்டோவியம், ஈஞ்சம்பாக்கம் சோழமண்டல ஓவியர் கிராமத்தில் வாங்கிய நீர்வண்ணம், சின்னதாக ஒரு தஞ்சாவூர்க் கிருஷ்ணன். தொழிலுக்காக ஆயிரம் படம் பார்த்தவர் தனக்கென்று வைத்துக்கொண்டவை இவை. அவர் தன்னைத்தானே வரைந்துகொண்ட படம் என்று இந்தச் சுவரைச் சொல்லலாம். அந்தப் படத்தில் பாதி ஓவியங்களின் முதுகில் இருக்கிறது: ஓவியர் பென்சிலில் எழுதித் தந்த ஒரு வரி, கண்காட்சிச் சீட்டு, வாங்கிய தேதி, பழைய சட்டக் கடையின் லேபிள். வழக்கமான சட்ட வேலையில் முதலில் குப்பைக்குப் போவதும் இந்த முதுகுதான்.

அடுத்து ஓரம். சட்டத்துக்குப் படத்தை அளவாக்க, கத்தி எடுத்துக் காகிதத்தின் விளிம்பை நறுக்கும் பழக்கம் உண்டு. 1894இல் தொடங்கிய ரவிவர்மா அச்சகத்தின் படங்களில் அச்சகப் பெயர் பெரும்பாலும் அடி விளிம்பில்தான் அச்சாகியிருக்கும். அரை அங்குலம் போனால் அந்த அடையாளம் போயிற்று. படத்தின் நீள அகலத்தை நீங்களே அளந்து ரசீதில் எழுதி வாங்குங்கள். திரும்ப வாங்கும்போது அந்த அளவு குறையக் கூடாது.

ஒட்டுவதில்தான் பெரிய சேதம். காகிதத்தை முழுவதுமாகப் பசை தடவி ஹார்டுபோர்டில் ஒட்டிவிடுவார்கள். இல்லையென்றால் நாலு பக்கமும் செலோ டேப். சென்னைக் காற்றின் ஈரத்துக்குக் காகிதம் விரியும், காய்ந்தால் சுருங்கும். நாலு பக்கமும் பிடித்து வைத்தால் விரிய இடமில்லாமல் நெளியும். டேப்பின் பசை சில வருடத்தில் மஞ்சளாகிக் காகிதத்துக்குள் இறங்கிவிடும். அதை முழுதாக எடுக்க முடியாது. மைதாப் பசை என்றால் ராமபாணப் பூச்சிக்கு விருந்து. ஹார்டுபோர்டின் அமிலம் பின்னாலிருந்து படத்தைப் பழுப்பாக்கும். மேல் விளிம்பில் மட்டும் இரண்டு இடத்தில் மெல்லிய ஜப்பானியத் தாள் பட்டை, கோதுமையிலிருந்து பிரித்த மாவுச்சத்துப் பசை (மைதா அல்ல): படம் சும்மா தொங்க வேண்டும். இவற்றையும் படத்தைச் சுற்றி வைக்கும் அமிலமில்லாத தடித்த அட்டையான மவுண்ட் போர்டையும் கையோடு கொண்டுபோவது நல்லது. கொடுத்துச் சொன்னால் கைவேலை தெரிந்தவர்கள் அழகாகவே செய்வார்கள், அதில் சந்தேகமில்லை.

கண்ணாடி காகிதத்தைத் தொடக் கூடாது. தொட்டால் மழைக்காலத்தில் உள்பக்கம் ஈரம் கோத்து, பூஞ்சை பிடித்து, கடைசியில் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். மவுண்ட் போர்டின் தடிமனே அந்த இடைவெளியைத் தந்துவிடும். தஞ்சாவூர் ஓவியத்துக்கு அது போதாது. சுதை மேடும் கல்லும் எழுந்து நிற்பதால் பெட்டி போன்ற ஆழமான சட்டம் கேளுங்கள். அதை ஈரத் துணியால் துடைக்க யாரையும் விடாதீர்கள், அந்தச் சுதை நீரில் கரையும் பசை கலந்தது. கண்ணாடிக்குப் பதில் அக்ரிலிக் பிளாஸ்டிக் தகடு போடலாம், எடை குறைவு. கரித்துண்டு, பேஸ்டல் படங்களுக்கு மட்டும் வேண்டாம். அக்ரிலிக்கின் நிலைமின்சாரம் பொடியை இழுத்துக்கொள்ளும். கான்வாஸுக்குக் கண்ணாடி தேவையில்லை. ஆனால் பக்கவாட்டில் ஆணி அடித்து இறுக்கினால் அதிர்வில் வண்ணம் விரிசல் விடும், பின்னால் பட்டைத் தகடும் திருகாணியும் போடச் சொல்லுங்கள்.

பீடிங் கணக்கு தெரிந்திருந்தால் பேரம் எளிது. படம் 12க்கு 16 அங்குலம், சுற்றிலும் இரண்டரை அங்குல மவுண்ட் என்றால் வெளி அளவு 17க்கு 21. சுற்றளவு 76 அங்குலம். ஒரு அங்குல அகல பீடிங்கில் நாலு மூலைச் சரிவெட்டுக்கு 8 அங்குலம் சேர்த்தால் 84, சரியாக 7 அடி.

எல்லாவற்றுக்கும் ஒரே தங்க நிற பீடிங் போடலாம் என்று ஆசை காட்டுவார்கள், மொத்தமாக எடுத்தால் விலையும் குறையும். மறுத்துவிடுங்கள். ஆதிமூலத்தின் கறுப்புக் கோட்டுக்குப் பூவேலைத் தங்கம் பெரும் சத்தம். மெல்லிய தேக்கோ கறுப்புப் பட்டையோ போதும். ரவிவர்மா படத்தின் பழைய சட்டம் உளுத்துப்போகாமல் இருந்தால் அதையே சரிசெய்து வாங்குங்கள்; அது வந்த வீட்டின் சாட்சி அந்த மரம்.

வேலையைத் தை பிறந்து பங்குனிக்குள் கொடுங்கள். ஐப்பசி மழையில் மூடினால் ஈரத்தையும் சேர்த்து மூடுவதாகும். மாட்டும்போது படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 145 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும். சட்டத்தின் கீழ் மூலைகள் இரண்டிலும் அரை செ.மீ. ரப்பர்த் துண்டு ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்று ஓடும். மழையில் ஊறும் வெளிச்சுவர் வேண்டவே வேண்டாம்.

கடையில் வாங்கும்போது முன்பக்கம் பார்க்கும் முன் திருப்பிப் பாருங்கள். பழைய சீட்டு, லேபிள் எல்லாம் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் வைத்துப் பின்பலகையில் பொருத்தியிருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் அங்கேயே நின்று கேளுங்கள். அன்று சாயங்காலக் குப்பையோடு போனால் பிறகு கிடைக்காது.