வார்சாவின் பியானோவும் கப்பலின் பியானோவும்

இசைக்கலைஞர் ஒருவரைப் பற்றி மனத்தை உருக்கும் ஐரோப்பியப் படம் சொல்லுங்கள் என்று கேட்பவர்களிடம் நான் எப்போதும் இரண்டு பெயர்களைச் சொல்வேன். ஒன்று, ரோமன் போலான்ஸ்கி இயக்கி 2002இல் வெளிவந்த ‘தி பியானிஸ்ட்’. மற்றொன்று, ஜூசெப்பே தொர்னத்தோரே 1998இல் இயக்கிய ‘தி லெஜண்ட் ஆஃப் 1900’. இரண்டும் பியானோக் கலைஞர்களின் கதைகள். இரண்டிலும் பெரும்பாலான உரையாடல் ஆங்கிலத்திலேயே இருக்கிறது. எதை முதலில் பார்ப்பது என்று கேட்டால், பியானோவுக்கும் அதன் முன் அமர்பவருக்கும் இடையே இவ்விரு படங்களும் எதை நிகழ்த்துகின்றன என்பதிலிருந்துதான் விடை சொல்ல முடியும்.

‘தி பியானிஸ்ட்’ நடந்த கதை. விளாடிஸ்லாவ் ஸ்பில்மேன் என்ற போலந்து யூதக் கலைஞர், 1939 செப்டம்பர் 23 அன்று வார்சா வானொலியில் போலந்து இசையமைப்பாளர் ஷோப்பானின் சி ஷார்ப் மைனர் நாக்டர்ன் என்ற அமைதியான பியானோ இசைத்துண்டை நேரலையில் வாசித்துக்கொண்டிருந்தபோது ஜெர்மானியத் தாக்குதலில் ஒலிபரப்பு நின்றுபோனது. படம் அங்கேதான் தொடங்குகிறது. கண்ணாடிக்கு அப்பால் இருப்பவர் நிறுத்தும்படி கைகாட்டியும், சுவர் அதிர்ந்து தூசு கொட்டியும், ஏட்ரியன் பிராடி ஏற்று நடித்த அந்த மனிதர் வாசிப்பை விட்டு எழுவதில்லை. போலான்ஸ்கியே சிறு வயதில் யூதர்கள் அடைத்து வைக்கப்பட்ட கிராக்கோவ் கெட்டோவிலிருந்து உயிர் தப்பியவர்; அவருடைய தாய் ஆஷ்விட்ஸ் நாஜி வதைமுகாமில் கொல்லப்பட்டார். அதனால்தானோ என்னவோ, ஸ்பில்மேனின் குடும்பம் ரயிலில் ஏற்றப்படும் காட்சியில்கூட அவரது கேமரா நம்மை அழச் சொல்லி வற்புறுத்துவதில்லை. நடப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது, அவ்வளவுதான்.

இரண்டரை மணி நேரம் ஓடும் இந்தப் படத்தில் வாசிப்பு மிகக் குறைவு என்பதே முதல் முறை பார்ப்பவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கக்கூடும். ஆனால் படத்தின் வலிமை அந்தக் குறைவில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. சத்தம் வந்தால் உயிர் போய்விடும் என்ற நிலையில் ஸ்பில்மேன் ஒளிந்திருக்கும் வீடொன்றில் ஒரு பியானோ இருக்கிறது. அவர் இருக்கையைச் சரிசெய்து அமர்ந்து, மூடியைத் திறக்கிறார். இசை பெருகி வருகிறது. ஒரு கணம் நமக்கும் பதற்றமாகிறது. பிறகு விரல்களைக் காட்டும்போதுதான் அவை கட்டைகளைத் தொடாமல், அரை அங்குலம் மேலே காற்றில் ஓடிக்கொண்டிருப்பது தெரிகிறது. இசையை இழப்பதென்றால் என்ன என்பதை இவ்வளவு சிக்கனமாகக் காட்டிய வேறொரு காட்சி எனக்கு நினைவில்லை.

இதற்கு ஈடான இன்னொரு காட்சி, இடிந்த வார்சாவில் வில்ம் ஹோசன்ஃபெல்ட் என்ற ஜெர்மானிய அதிகாரியின் முன் ஸ்பில்மேன் வாசிப்பது. ஊறுகாய் வெள்ளரிக்காய் டின் ஒன்றைத் திறக்கப் போராடிக்கொண்டிருந்த ஸ்பில்மேன், அதைத் தூக்கிக்கொண்டே பியானோ இருக்கும் அறைக்குப் போகிறார். உண்மையில் அன்று அவர் வாசித்தது அதே நாக்டர்ன். படத்தில் அது ஷோப்பானின் இன்னொரு பியானோ படைப்பான ஜி மைனர் பாலாட் ஆக மாற்றப்பட்டிருக்கிறது. இந்த மாற்றத்தைக் குறை சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது சரியாகவே படுகிறது, ஏனெனில் அந்த பாலாட் தயங்கித் தயங்கி, துணை இசை எதுவும் இல்லாத வெறும் சுரங்களாக எழும்பித் தொடங்குகிறது. குளிரில் விறைத்துப்போன விரல்களுக்கு, வாசிப்பு நினைவுக்கு வர வேண்டிய அவகாசத்தை அந்தத் தொடக்கமே கொடுத்துவிடுகிறது; பிறகு வரும் சீற்றம் அத்தனை ஆண்டுகள் அடக்கி வைத்தவை எல்லாம் வெளிப்படுவதுபோல் கேட்கிறது. ஒலிப்பதிவில் வாசித்தவர் போலந்துக் கலைஞர் யானுஷ் ஒலெய்னிச்சாக். ஸ்பில்மேனைக் காப்பாற்றிய அந்த அதிகாரி 1952இல் சோவியத் சிறையில் இறந்தார் என்ற செய்தியைப் படம் முடிவில் ஒரே வரியில் சொல்லிச் செல்கிறது.

‘தி லெஜண்ட் ஆஃப் 1900’ முழுக்க முழுக்கக் கற்பனை. அலெஸ்ஸாண்ட்ரோ பாரிக்கோ ஒற்றை நடிகருக்காக எழுதிய நாடகத்திலிருந்து பிறந்தது. வர்ஜீனியன் என்ற கப்பலின் நடனக்கூடத்தில், பியானோவின் மேல் கைவிடப்பட்ட குழந்தையை நிலக்கரி அள்ளும் தொழிலாளி ஒருவர் எடுத்து வளர்க்கிறார். அவன் கிடைத்த 1900ஆம் ஆண்டே அவனுக்குப் பெயராகிறது. டிம் ராத் நடித்த அந்த மனிதன் வாழ்நாளில் ஒருமுறைகூடக் கரையில் கால் வைப்பதில்லை. புயலில் பியானோவின் சக்கரங்களை விடுவித்துவிட்டு, அது கூடமெங்கும் வழுக்கிச் சுழல அவன் வாசித்துக்கொண்டே போவது கண்ணுக்கு விருந்து. ஜாஸ் முன்னோடி ஜெல்லி ரோல் மார்ட்டனுடன் நடக்கும் போட்டியைத்தான் பலரும் பாராட்டுவார்கள். போட்டியின் முடிவில் சூடேறிய பியானோக் கம்பியில் சிகரெட் பற்றவைக்கப்படும். என்னால் அதில் ஒன்ற முடியவில்லை. வேகத்தை மேதைமையாகக் காட்டுவதோடு, வரலாற்றில் மதிப்புள்ள ஒரு கலைஞரை வெறும் செருக்குக்காரராகவும் அது சுருக்கிவிடுகிறது.

இந்தப் படத்தின் உண்மையான செல்வம் ஒலிப்பதிவுக் காட்சி. இசைத்தட்டுக்காக அவன் வாசித்துக்கொண்டிருக்கையில், கப்பலின் வட்டச் சன்னலுக்கு வெளியே ஒரு பெண் வந்து நிற்கிறாள். அவன் பார்வை அவளைத் தொடர்கிறது. பார்வையைத் தொடர்ந்து மெட்டு மாறுகிறது. அவள் அடுத்த சன்னலுக்கு நகர்ந்தால் சுரமும் நகர்கிறது. ஒரு பாடல் பிறக்கும் கணத்தை இப்படிக் கண்ணெதிரே காட்டுவது ‘தி பியானிஸ்ட்’ படத்திடம் இல்லாத ஒன்று என்பதை மனமார ஒப்புக்கொள்கிறேன். என்னியோ மோரிக்கோனேவின் இந்த இசைக்கு கோல்டன் குளோப் விருது கிடைத்தது. படத்துக்காக வாசித்த ஜில்டா புத்தாவின் பியானோ வாசிப்பையும் தனியாகக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

கரையிறங்காததற்கு இறுதியில் அவன் சொல்லும் விளக்கம், 88 கட்டைகளுக்கு எல்லை உண்டு, நகரத்தின் தெருக்களுக்கு இல்லை என்பது, கேட்கும்போது அழகாக இருக்கிறது. ஆயினும் ஒரு மனிதன் வெடிவைத்துத் தகர்க்கப்படும் கப்பலிலேயே தங்கிவிடுவதை நாம் ஏற்க வேண்டுமென்று அந்த உரை பெரிதும் மன்றாடுகிறது. ஸ்பில்மேன் உயிர் பிழைத்ததற்கு இத்தகைய வாதம் தேவைப்படவில்லை.

ஆகவே என் பரிந்துரை, முதலில் ‘தி பியானிஸ்ட்’. குழந்தைகளுடன் அமர்ந்து பார்ப்பதானால் மட்டும் வரிசையை மாற்றுங்கள். சக்கர நாற்காலியோடு முதியவர் மாடியிலிருந்து வீசப்படும் காட்சியைச் சிறுவர் பார்க்க வேண்டியதில்லை. தொர்னத்தோரேயின் படத்துக்கு இரண்டரை மணி நேரத்தைத் தாண்டும் இத்தாலிய வடிவத்தைத் தேடுங்கள், வெளிநாடுகளுக்காக வெட்டிய இரண்டு மணி நேர வடிவத்தில் கதைக்கு மூச்சுவிட இடமில்லை.

‘தி பியானிஸ்ட்’ முடிந்து பெயர்கள் ஓடத் தொடங்கியதும் தயவுசெய்து நிறுத்திவிடாதீர்கள். திரையில் இரண்டு கைகள், பின்னால் முழு இசைக்குழு. காற்றில் ஓடிய அந்த விரல்கள் இப்போது ஒவ்வொரு கட்டையையும் அழுத்தி, நிறைந்த அரங்குக்குக் கேட்கும்படி வாசித்துக்கொண்டிருக்கும்.