எஸ்390எக்ஸில் மட்டும் டெஸ்ட் விழுகிறதா? யாரிடம் ஷெல் கேட்பது

பேக்கேஜ் லேப்டாப்பில் சுத்தமாக பில்ட் ஆகிறது, ஐபிஎம் மெயின்ஃபிரேம்களின் ஆர்க்கிடெக்சரான எஸ்390எக்ஸில் மட்டும் டெஸ்ட் விழுகிறது. பெங்களூரு மடிவாளா பிஜியில் உட்கார்ந்துகொண்டு மெயின்ஃபிரேமுக்கு எங்கே போவது?

முதலில் கியூஎம்யூ, வேறு பிராசசரைப் போல நடித்துக் காட்டும் எமுலேட்டர். யாரிடமும் கேட்க வேண்டாம். எஸ்390எக்ஸ் பிக்-எண்டியன், அதாவது எண்ணின் பெரிய மதிப்புள்ள பைட்டை முதலில் வைக்கும்: 1 என்ற 32-பிட் எண்ணின் முதல் பைட் இன்டெல்லில் 1, அங்கே 0. இந்த ரகப் பிழையை கியூஎம்யூவே காட்டிக்கொடுத்துவிடும், மெதுவாக ஓடும் என்பதுதான் குறை. த்ரெட் பிழைகளில் அதை நம்பாதீர்கள். ஆர்மும் பவரும் மெமரியில் எழுதும் வரிசையை மாற்றும், இன்டெல் அவ்வளவு மாற்றாது. அதனால் இன்டெல் லேப்டாப்பில் ஓடும் எமுலேட்டரில் பிழை தலைகாட்டாமலே போகலாம். ஆர்ம் 64 மட்டும்தான் வேண்டும் என்றால் அமேசானின் மும்பை ரீஜியனில் ஒரு கிராவிட்டானை (அமேசானின் ஆர்ம் சர்வர்) மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்தால் போதும்.

எஸ்390எக்ஸுக்கு நிஜ மெஷினே வேண்டுமென்றால் ஐபிஎம்மின் லினக்ஸ்ஒன் கம்யூனிட்டி கிளவுட் சுலபம். பதிவு செய்தால் 120 நாளுக்கு ஒரு விஎம் (மெய்நிகர் மெஷின்), சூடோவோடு, அதாவது ரூட் அதிகாரத்தோடு. தொலைவிலிருந்து லாகின் செய்ய உதவும் எஸ்எஸ்ஹெச், சாவிக் கோப்பின் பெர்மிஷனை 600 (நீங்கள் மட்டும் படிக்க, எழுத) ஆக்காவிட்டால் உள்ளே விடாது. மற்ற ஆர்க்கிடெக்சருக்கு இது உதவாது.

பவர், ஸ்பார்க், ரிஸ்க்-ஃபைவ் என்று பலதும் வேண்டுமா? சிஃபார்ம், அதாவது பழைய ஜிசிசி கம்பைல் ஃபார்ம். ஐபிஎம்மின் யூனிக்ஸான ஏஐஎக்ஸ்கூட உண்டு. ஒருமுறை அனுமதி கிடைத்தால் எல்லா மெஷினுக்கும் அதே கணக்கு. ரூட் கிடையாது; இல்லாத லைப்ரரியை உங்கள் ஹோமிலேயே பில்ட் செய்துகொள்ள வேண்டும். ஹோமுக்கு பேக்கப்பை எதிர்பார்க்காதீர்கள். கட்டற்ற மென்பொருள் வேலைக்கு மட்டுமே, ஆபீஸ் கிளையண்ட் கோடை அங்கே ஏற்றக் கூடாது.

டெபியன் லினக்ஸின் பேக்கேஜ் என்றால் டெபியனின் போர்ட்டர்பாக்ஸ்தான் (பல ஆர்க்கிடெக்சரில் பிழை பார்க்க வைத்திருக்கும் மெஷின்) என் தேர்வு. தேவையான பில்ட் டிபென்டன்சியை ரூட் இல்லாமலே எஸ்குரூட்டுக்குள் (மெஷினிலிருந்து பிரித்து வைத்த தனிச் சூழல்) போட்டுக்கொள்ளலாம், டெபியனின் வளர்ச்சிப் பதிப்பான சிட் அப்படியே இருக்கும். ஆனால் சடங்கு அதிகம். டிஜிட்டல் கையெழுத்துக்கு ஜிபிஜி சாவி வேண்டும், மெஷின் பயன்பாட்டுக் கொள்கையை ஏற்பதாகக் கையெழுத்திட்ட வாசகம் வேண்டும். உங்கள் வேலையை அறிந்த டெபியன் டெவலப்பர் ஒருவர் இருந்தால் காரியம் எளிது.

கணக்கு கேட்கும் கோரிக்கையில் "கற்றுக்கொள்ள விரும்புகிறேன்" என்று எழுதினால் இழுத்தடிக்கும். இப்படி எழுதுங்கள்: "இந்த பேக்கேஜின் இந்தப் பதிப்பு எஸ்390எக்ஸில் இந்த டெஸ்ட்டில் விழுகிறது, பக் எண் இது. கியூஎம்யூவில் வரவில்லை. ஜிடிபி டீபக்கரில் பார்க்க இரண்டு வாரம் போதும்." பக் எண்ணும் காலக்கெடுவும் இருந்தால் படிப்பவருக்குத் திருப்பிக் கேட்க எதுவும் இருக்காது.

டெபியன் கணக்கு வந்ததும் பலர் சிக்குவது எஸ்எஸ்ஹெச் பொதுச் சாவியில். அதை ஜிபிஜி கையெழுத்திட்ட மெயிலில் அனுப்ப வேண்டும். மெயில் கிளையண்ட் ஆர்எஸ்ஏ ரகச் சாவியின் நீளமான வரியை உடைத்துவிட்டால் சாவி ஏறாது. இடி25519 ரகச் சாவி குட்டை, உடையாமல் பிழைக்கும். ஹெச்டிஎம்எல் மெயில் வேண்டவே வேண்டாம். அனுப்பிய கையோடு லாகின் செய்து பார்த்துப் பதறாதீர்கள், மெஷின்களுக்குப் பரவக் கொஞ்ச நேரம் பிடிக்கும்.

ஒயிட்ஃபீல்டு ஆபீஸ் நெட்வொர்க்குகள் சில எஸ்எஸ்ஹெச் பயன்படுத்தும் 22-ஆம் போர்ட்டை அடைத்து வைத்திருக்கும். "கனெக்‌ஷன் டைம்டு அவுட்" என்று வந்தால் உங்கள் சாவியைக் குறை சொல்லுமுன் மொபைல் ஹாட்ஸ்பாட்டில் பாருங்கள். ஆபீஸ் லேப்டாப்பில் ஜிபிஜி ரகசியச் சாவியை வைப்பது தனி வம்பு. உங்கள் பக்கம் கரண்ட் போனாலும் பில்ட் நிற்காமலிருக்க, இணைப்பு அறுந்தாலும் செஷனை உயிரோடு வைத்திருக்கும் டீமக்ஸுக்குள் அந்த மெஷினில் ஓட்டுங்கள். முடிந்ததும் எஸ்குரூட் செஷனை மூடிவிட்டு வெளியே வாருங்கள், மூடாத செஷன் டிஸ்க்கைத் தின்றுகொண்டே இருக்கும்.