ஈக்வடாரில் குதிரைச் சவாரி விடுமுறையா? பணம் கட்டும் முன் குதிரை யாருடையது என்று கேளுங்கள்

நானும் தம்பியும் போன ஜூனில் ஈக்வடார் போய் ஏமாந்துவிட்டு வந்தோம். மலைமேல் மாட்டுப் பண்ணையில் நான்கு இரவு தங்குவது, பகலெல்லாம் குதிரையில் சுற்றுவது என்று ஆறு மாதமாகக் கனவு கண்ட பயணம். இதே ஆசை இருப்பவர்கள் கொஞ்சம் நேரம் ஒதுக்கிப் படியுங்கள்.

அங்கே உண்மையிலேயே அப்படிப்பட்ட பண்ணைகள் இருக்கின்றன. அதை வைத்துத்தான் ஏமாற்றே நடக்கிறது. தலைநகர் கீட்டோவுக்குத் தெற்கே 5,897 மீட்டர் உயரத்தில் கோட்டோபாக்சி எரிமலை. அதைச் சுற்றிலும் மரமே இல்லாத, எப்போதும் காற்றடிக்கும் புல்மேடு, பாரமோ என்பார்கள். ஸ்பானியர் காலத்தில் வந்த அசியெண்டா என்ற பெரிய பண்ணைகளில் சில இன்னும் அங்கே உண்டு. மாடுகளை, சில இடங்களில் காளைச் சண்டைக்கு வளர்க்கும் முரட்டு மாடுகளையும், பாரமோவில் மேயவிட்டுவிடுவார்கள். வேண்டும்போது குதிரையில் போய் வளைத்து ஓட்டி வருவார்கள். ஓட்டுபவர் பெயர் சாக்ரா. தலைவழியே மாட்டிக்கொள்ளும் தடித்த கம்பளிப் போர்வையான போன்சோ, கால்சட்டைக்கு மேல் கட்டும் ரோமத்தோடு கூடிய ஆட்டுத்தோல் உறை, சேணத்தில் சுருட்டி மாட்டிய கயிறு. மச்சாச்சி ஊரில் ஜூலை மாதம் இவர்களுக்கென்றே ஒரு ஊர்வலம் நடக்கிறது. விருந்தாளிகளை நேர்மையாக வைத்து நடத்தும் அசியெண்டாக்களும் உண்டு. நாங்கள்தான் அங்கே போய்ச் சேரவில்லை.

இணையத்தில் ஒரு ஏஜென்சியைப் பிடித்தோம். படத்தில் வெள்ளைச் சுவர், ஓட்டுக் கூரை, முற்றம், பின்னால் பனி மூடிய எரிமலை. இரண்டு பேருக்கு 1,960 டாலர். அங்கே 2000-ஆம் ஆண்டிலிருந்து அமெரிக்க டாலர்தான் நாணயம் என்பதால் மாற்றுக் கணக்கு போடும் வேலை இல்லை. கார்டில் கட்டினால் ஆறு சதவீதம் கூடுதல், வங்கிக் கணக்குக்கு நேராக அனுப்பினால் கூடுதல் கிடையாது என்றார்கள். நூற்றுச் சொச்சம் டாலர் மிச்சம் பிடிக்கிறோம் என்று மொத்தத்தையும் அனுப்பிவிட்டேன். கார்டில் கட்டியிருந்தால் வங்கியிடம் முறையிடவாவது வழி இருந்திருக்கும். பயணத் திட்டத்தின் கடைசிப் பக்கத்தில், பண்ணையின் பெயருக்குப் பக்கத்தில், 'அல்லது இணையான இடம்' என்று பொடி எழுத்தில் இருந்ததை அப்போது நான் கவனிக்கவில்லை.

இணையான இடம் என்பது நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு விடுதி. ராத்திரி முழுக்க லாரி சத்தம். நான்கு நாளில் அங்கே நான் பார்த்த மாடு மொத்தம் மூன்று, அதில் ஒன்று கன்று.

முதல் நாளே இன்னொரு கூத்து. கீட்டோவில் இரவு இறங்கினோம், காலை ஆறு மணிக்கு வண்டி வந்து ஏற்றிக்கொண்டது. கீட்டோவே 2,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சவாரி அதற்கும் மேலே. அந்த உயரத்துக்கு உடம்பு பழக இரண்டு நாளாவது நகரத்தில் சும்மா இருக்க வேண்டும். திட்டத்தில் அதற்கு ஒரு நாள்கூட இல்லை. தலைவலி மண்டையைப் பிளந்தது, தம்பி இரண்டு தடவை வாந்தி எடுத்தான். விடுதிக்கார அம்மா பார்த்ததுமே 'சொரோச்சே', அதாவது உயரத்தால் வரும் நோய், என்று சொல்லிவிட்டுச் சூடாக உருளைக்கிழங்கு சூப் கொண்டுவந்து வைத்தார். நாலு நாளில் எங்களுக்கு ஒழுங்காகக் கிடைத்தது அந்த சூப் ஒன்றுதான்.

இரண்டாம் நாள் காலை எட்டு மணிக்கு ஒரு சின்ன லாரியில் மூன்று குதிரைகள் வந்தன. பண்ணைக் குதிரை என்றால் லாரியில் ஏன் வருகிறது? அப்போதே கேட்டிருக்க வேண்டும். எனக்கென்று நிறுத்திய பழுப்புக் குதிரைக்கு விலா எலும்பு எண்ணலாம் போலிருந்தது. சேணத்தின் மேல் விரித்திருந்த ஆட்டுத்தோலைத் தம்பி சும்மா தடவிப் பார்த்தான், பிறகு சேணத்தை ஒரு பக்கம் தூக்கினான்.

"அண்ணா, இங்க வா. இதைப் பாரு."

பிடரி முடிந்து முதுகு தொடங்கும் மேட்டில், உள்ளங்கை அகலத்துக்குத் தோல் உரிந்து புண். மேலே ஊதா மருந்து தடவி, அது காய்வதற்குள் சேணத்தைப் போட்டுக் கட்டியிருக்கிறார்கள். கம்பளியின் அடிப்பக்கமெல்லாம் ஊதாக் கறை. வயிற்று வார் இழுபடும் இடத்தில் முடி உதிர்ந்து பழைய தழும்பு. விரல் கிட்டே போனதும் குதிரை காதைப் பின்னால் மடக்கியது.

என் எடை 92 கிலோ. பதிவு செய்யும்போது பாஸ்போர்ட் எண் கேட்டார்கள், எடையைக் கேட்கவில்லை. ஆளும் சேணமும் சேர்ந்து குதிரை எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. அந்தக் குதிரை 350 கிலோ தேறினால் அதிகம். 70 கிலோவுக்கே அது திணறும். எடையைக் கேட்காமல் சவாரி விற்பவர் யாராக இருந்தாலும் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். தலைக்கவசமும் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, குழந்தை அளவில்.

குதிரைக்காரர்மேல் எனக்குக் கோபம் இல்லை. தம்பிக்குத் தெரிந்த அரைகுறை ஸ்பானிஷில் பேசிப் பார்த்ததில், ஒரு குதிரைக்கு ஒரு நாளைக்கு 25 டாலர் பேசி அவரை வரச்சொல்லியிருக்கிறார்கள். போன மாதத்துக் காசே இன்னும் வரவில்லையாம். அவரும் அந்த அசியெண்டாவுக்குள் கால் வைத்ததில்லை. குதிரைகளை அவிழ்த்துவிடச் சொல்லிவிட்டு மூன்று பேரும் புல்மேட்டில் நடந்தே போனோம். மேகம் விலகி எரிமலை தெரிந்தது பத்து நிமிடம்.

இப்போது யார் கேட்டாலும் நான் சொல்வது: ஏஜென்சியை விட்டுவிட்டுப் பண்ணைக்கே எழுதுங்கள். குதிரை உங்களுடையதா, எத்தனை இருக்கிறது, எடை வரம்பு என்ன, நான் தங்கும் வாரத்தில் மாட்டு வேலை உண்டா என்று கேளுங்கள். நிஜப் பண்ணைக்காரர் உங்கள் சவாரி அனுபவத்தைத் திருப்பிக் கேட்பார். பயணக் காப்பீட்டையும் எடுத்துப் படியுங்கள். குதிரைச் சவாரியை ஆபத்தான விளையாட்டு என்று ஒதுக்கும் பாலிசிகள் நிறைய, குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் செல்லாது என்பவையும் உண்டு. என்னுடையதில் இரண்டும் இருந்தன. விழாமல் தப்பித்தது அதிர்ஷ்டம்.

ஊர் திரும்பி, படங்களோடு பணத்தைத் திருப்பிக் கேட்டு நான்கு மெயில் போட்டேன். மூன்று வாரம் கழித்து ஒரு பதில் வந்தது. தயாராக நிறுத்தியிருந்த குதிரையில் ஏற மறுத்தது நாங்கள்தானாம், அதனால் சேவையை நாங்களாகவே கைவிட்டதாகத்தான் எடுத்துக்கொள்வார்களாம். அடுத்த பயணத்துக்குப் பத்து சதவீதம் தள்ளுபடியும் தந்திருக்கிறார்கள்.